வாறன் எண்டவர்

ஊர்காவற்றுறை
24.03.2024, குருத்து ஞாயிறு

அன்பின் சுகந்திக்கு,

நீர் நெடுந்தீவுக்குப் போய் இன்றைக்குப் பதினைந்து நாள். மாக்கிறேற் சின்னம்மாவின் போனுக்கு நான்கு தடவை எடுத்தேன். நான்காம் தடவை அவர் குரலைத் தாழ்த்தி, "தம்பி, பிள்ளை கதைக்கமாட்டாளாம். எழுதினா வாசிப்பன் எண்டு சொல்லச் சொன்னவள்" என்றார். உமது போன் நிறுத்தியே கிடக்கிறது. ஆகவே பதினாறு வருடத்துக்குப் பிறகு உமக்குக் கடிதம் எழுதுகிறேன். கலியாணத்துக்கு முன் நான் எழுதியவற்றில் எழுத்துப் பிழைகளைச் சிவப்பு மையால் சுழித்து எனக்கே திருப்பி அனுப்புவீர். இதிலும் சுழித்து அனுப்பினால் எனக்குச் சந்தோசம்.

இன்று கோவிலில் பின்வரிசையில் நின்றேன். எனக்குப் பக்கத்தில் இரண்டு பேருக்கு இடம் இருந்தது, ஒருவரும் வந்து நிற்கவில்லை. மரியாதைக்காகவா, ஒதுக்குகிறார்களா என்று விளங்கவில்லை. பவனி முடிய நிமலினி வந்து, மகள் முதல்நன்மை வாங்கும் நாளுக்கான சட்டையைப் பற்றிக் கேட்டார். நீர் வெட்டிய வெள்ளைச் சற்றின் துணி மேசையில் அப்படியே கிடக்கிறது. அவருக்கு என்ன சொல்ல வேண்டும் என்று எழுதும்.

ஐஸ் தொழிற்சாலை இன்னும் பூட்டித்தான் இருக்கிறது. கொழும்பிலிருந்து ஆட்கள் வந்து தாங்கியில் மிஞ்சியிருந்த அமோனியாவை எல்லாம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். திரும்பத் திறக்கும்வரை நான் பகலில் போய்க் காவல் இருக்கிறேன். பத்து மணிக்குத் தேநீர் குடிக்க வீட்டுக்கு வருவேன். வந்த பிறகுதான் ஊற்றித் தர ஆளில்லை என்பது நினைவுக்கு வரும்.

கிளின்ரனின் அறைக்குள் நான் போகவில்லை. நான் உம்மைக் கூட்டி வந்த நாளன்று, ஒரு கையில் பெட்டியும் மறுகையில் பத்து வயதுத் தம்பியுமாக நீர் படகால் இறங்கினீர். எங்களுக்குப் பிள்ளை கிடைக்கவில்லையே என்று ஒரு நாளும் நான் குறைப்பட்டதில்லை. அவன் இருந்தான்.

என்மேல் உமக்குக் கோபம் என்று தெரியும். உமது தம்பி உள்ளே இருக்க நான் வெளியே நின்றேன். அதை மறுக்க நான் எழுதவில்லை. ஒன்றை மட்டும் நினைத்து மனதை ஆற்றும்: காஸ் பட்டவுடனேயே அவன் விழுந்துவிட்டான். ஒன்றும் அறியாமல்தான் போனான்.

உயிர்த்த ஞாயிறுக்காவது வருவீரா?

என்றும் உம்முடைய,
ஜோர்ஜ்


நெடுந்தீவு
05.04.2024

ஜோர்ஜுக்கு,

கடிதம் பெரிய வெள்ளிக்கு முதல் நாள் கிடைத்தது. நான் சுகம். சின்னம்மாவுக்கு முழங்கால் நோ, மற்றப்படி அவரும் சுகம்.

நிமலினி அக்காவிடம் என் சார்பில் மன்னிப்புக் கேளுங்கள். அந்தத் துணியில் நான் இனித் தைக்கமாட்டேன். வேறு சற்றின் வாங்கி வேலணையில் யாரிடமாவது கொடுக்கச் சொல்லுங்கள். ஏன் என்று கேட்டால் எனக்குச் சுகமில்லை என்று சொல்லிவிடுங்கள்.

என் தையல் மெஷினை அனுப்பிவிடுங்கள். சின்னம்மாவுக்குப் பாரமாக இருக்க எனக்கு விருப்பமில்லை. இங்கே பாடசாலைச் சட்டை தைக்க ஆளில்லை. மெஷினோடு அலுமாரியின் இரண்டாம் தட்டில் உள்ள நூல்பெட்டியையும் வையுங்கள்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். தேநீரை மட்டும் குடித்துக்கொண்டு நாளைப் போக்காட்டுவீர்கள் என்று எனக்குத் தெரியும்.

இன்னொன்று. அவன் ஒன்றும் அறியாமல் போனான் என்று இனிமேல் எனக்கு எழுத வேண்டாம்.

சுகந்தி


ஊர்காவற்றுறை
14.04.2024

அன்பின் சுகந்திக்கு,

உமது கடிதம் ஒரு பக்கம்தான். ஆனாலும் அதை வைத்துக்கொண்டு ஒரு கிழமை ஓட்டிவிட்டேன்.

மெஷின் பாரம், படகில் ஏற்றுவது கஷ்டம் என்றுதான் முதலில் எழுத நினைத்தேன். அந்தப் படகில் மோட்டார் சைக்கிளும் சீமெந்துப் பையும் போகிறது என்பது உமக்குத் தெரியாததா? மெஷின் போனால் நீர் திரும்பி வரமாட்டீர் என்ற பயத்தில்தான் பொய் சொல்லப் பார்த்தேன். வருகிற சனிக்கிழமை ஏற்றிவிடுகிறேன். எண்ணெய் விட்டுத் துடைத்து வைத்திருக்கிறேன்.

சுஜிதனைப் பற்றி எழுத வேண்டும். புளியங்கூடல் சுஜிதன், கிளின்ரனோடு ஒன்றாக வேலை செய்தவன். அன்றைக்கு உள்ளே ஓடப் பார்த்தவனும் அவன்தான். நான் பிடித்து நிறுத்தியதிலிருந்து அவன் என்னோடு கதைக்கவில்லை. செத்தவீட்டில்கூட எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றதை நீர் பார்த்திருப்பீர். போன கிழமை படலையடியில் வந்து நின்றான். உள்ளே வா என்றேன், வரவில்லை. "அண்ணை, பெடியன் பிறந்திட்டான். வினோஜா உங்களிட்டைச் சொல்லச் சொன்னவள்" என்றான். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு அழுதபடி போனான். நன்றி சொல்ல வந்தானா, இன்னும் கோபமா என்று தெரியாது. இரண்டும் இருந்திருக்கலாம்.

விசாரணையும் முடிந்தது. மூன்று பேர் இருந்தார்கள். நான் செய்தது எல்லாம் முறைப்படி சரி என்று எழுதினார்கள். மற்றவர்களையும் உள்ளே விட்டிருந்தால் மூன்று நான்கு பேர் போயிருப்பார்கள் என்றார்கள். கடைசியாக ஒருவர், திரும்பவும் அப்படியொரு நிலை வந்தால் என்ன செய்வீர் என்று கேட்டார். "இதைத்தான் செய்வன்" என்றேன். அவர்கள் தந்த கடதாசியை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

சுகந்தி, சரி என்று அவர்கள் எழுதிய கடதாசியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? அதை யாரிடம் காட்டுவது?

உம்முடைய,
ஜோர்ஜ்


நெடுந்தீவு
03.05.2024

ஜோர்ஜுக்கு,

மெஷின் பழுதில்லாமல் வந்து சேர்ந்தது. ஊசிப் பக்கற்றுகளையும் நினைத்து வைத்து அனுப்பியிருந்தீர்கள். நன்றி. இதுவரை ஆறு சட்டை தைத்துவிட்டேன்.

சுஜிதனுக்கு மகன் பிறந்தது எனக்குச் சந்தோசம். இதை நான் உண்மையாகத்தான் எழுதுகிறேன். வினோஜாவைப் பார்த்தால் சொல்லுங்கள்.

விசாரணையில் கேட்டவர்களுக்கு நீங்கள் உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறீர்கள். அந்த மூன்று பேரும் எங்களுக்கு அந்நியர். நான் உங்கள் மனைவி. எனக்கு மட்டும் ஏன் ஆறுதல் சொல்கிறீர்கள்?

நான் கேட்பதற்கு மறுமொழி எழுதுங்கள். அவன் எத்தனை நிமிடம் உயிரோடு இருந்தான்? உங்களோடு கதைத்தானா? கதைத்திருந்தால் நீங்கள் என்ன சொன்னீர்கள்?

இங்கும் சனம் கேட்கிறது. தண்ணீர் எடுக்கப் போகுமிடத்தில் ஒருவர் முகத்துக்கு நேரே, "உம்மடை மனுசன் கதவைச் சாத்திப்போட்டு நிண்டவராமே?" என்று கேட்டார். நான் குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். என்னிடம் மறுமொழி இருந்தது. சொல்லவில்லை.

எழுதுங்கள். என்னால் தாங்க ஏலாது என்று நினைத்து எதையும் மறைக்க வேண்டாம்.

சுகந்தி


ஊர்காவற்றுறை
12.05.2024

அன்பின் சுகந்திக்கு,

நான்கு தரம் எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது. இதைக் கிழிக்கமாட்டேன்.

பெப்ரவரி ஆறாம் திகதி காலை ஒன்பது மணிக்குப் பிறகு கிளின்ரன் அமோனியாத் தாங்கியின் அடியில் எண்ணெய் வடித்துக்கொண்டிருந்தான். மாதம் ஒரு முறை செய்கிற வேலை. அன்றைக்கு வால்வு திறந்தது, திரும்ப மூடவில்லை. அமோனியா தண்ணீர் போலப் பாய்ந்து புகையாக எழும்பியது. வாசலுக்குக் கிட்ட நின்ற சுஜிதன் வெளியே பாய்ந்துவிட்டான். நான் வெளியே மீன்காரருக்கு ஐஸ் ஏற்றிக்கொண்டு நின்றேன். ஓடி வரும்போது வாசல் முழுக்க வெள்ளை. கிளின்ரன் தாங்கிக்கு அந்தப் பக்கம். அவனுக்கும் வாசலுக்கும் நடுவில்தான் அவ்வளவு காஸும். அவனுக்குப் பின்னால் உப்பு மூட்டைகள் அடுக்குகிற சின்ன அறை இருக்கிறது. யன்னல் இல்லை. அதற்குள் ஓடிக் கதவைச் சாத்தியிருக்கிறான்.

சுஜிதன் சாரத்தை நனைத்து முகத்தில் கட்டிக்கொண்டு ஓடினான். நான் இடுப்பில் பிடித்தேன். என் கையைக் கடித்தான். அவனைக் கீழே விழுத்தி அவன் மேலே இருந்துகொண்டு, என்னோடு ஐஸ் ஏற்றிக்கொண்டு நின்ற றொபேட்டிடம் கதவைச் சாத்தச் சொன்னேன். "உள்ளை போனால் ரெண்டு மூச்சுத்தான். மூண்டாம் மூச்சுக்கு நீயும் விழுந்திடுவாய்" என்று அவன் காதில் சொன்னேன். அவன் மனைவிக்கு அப்போது ஏழு மாதம். அதையும் சொன்னேன்.

இரண்டு வருடத்துக்கு முன் என்னைக் கொழும்புக்கு இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள், நினைவிருக்கிறதா? உமக்குக் குடை வாங்கி வந்தேனே, அந்தப் பயணம். அங்கே படிப்பித்தவர் சொன்னார், இப்படியான இடங்களில் முதலில் விழுந்தவனைத் தூக்கப் போகிறவர்கள்தான் அதிகம் சாகிறார்கள் என்று. முதலில் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார், பிறகு வெளியில் நிற்கிற சனத்தை அகற்று, பிறகு அடைக்கக் கூடியதை அடை, உள்ளே இருப்பவர் கடைசி. நான் அதைக் கொப்பியில் எழுதி அடியில் கோடும் போட்டேன்.

அன்றைக்கு வாடைக்காற்று. காற்று போன பக்கத்தில் கருவாடு காயப்போட்டுக்கொண்டு பதினெட்டுப் பெண்கள் நின்றார்கள். றொபேட்டை அங்கே ஓடவிட்டேன். மின்சாரத்தை நிறுத்தினேன். சுஜிதனையும் பிடித்து வைத்துக்கொண்டு கதவிடுக்கால் தண்ணீர் பீய்ச்சினோம். எங்களிடம் இருந்த ஒரேயொரு முகமூடியின் வடிகட்டி காலம் கடந்தது. புதிதாக இருந்திருந்தாலும் அவ்வளவு காஸுக்கு அது தாங்காது. யாழ்ப்பாணத்துத் தீயணைப்புக்கு அறிவித்தேன். காற்றுச் சிலிண்டர் அவர்களிடம்தான் இருக்கிறது. எவ்வளவு வேகமாக வந்தாலும் நாற்பது நிமிடம்.

ஒன்பது பதினாலுக்குக் கிளின்ரன் எனக்குப் போன் எடுத்தான்.

"அத்தான், உப்பு அறைக்குள்ள நிக்கிறன். கதவுக்குக் கீழால வருது" என்றான். சாக்கை நனைத்துக் கதவுக்குக் கீழே அடைக்கச் சொன்னேன், முகத்தில் ஈரத்துணி கட்டச் சொன்னேன், என்ன நடந்தாலும் கதவைத் திறவாதே என்றேன். எல்லாவற்றுக்கும் ஓம், ஓம் என்றான். பிறகு கேட்டான்.

"நீங்கள் வாறியளோ?"

"வாறன். அப்பிடியே இரு" என்றேன்.

வாறன் என்று சொல்லும்போது அது பொய் என்று எனக்குத் தெரியாது. கதவுக்கு இரண்டு அடி முன்னால் போய் நின்றேன். கண் எரிந்து மூடிக்கொண்டது, தொண்டை அடைத்தது. அப்போது தெரிந்தது, நான் போகப் போவதில்லை. தெரிந்த பிறகு திருப்பி எடுத்து, நான் வரவில்லை என்று அவனுக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவன் நம்பிக்கொண்டு இருக்கட்டும் என்று விட்டேன்.

ஒன்பது முப்பத்தொன்றுக்குத் திரும்ப எடுத்தான். கதைக்கவில்லை. இருமல் மட்டும். நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. ஒன்பது முப்பத்தேழுக்கு இருமல் நின்றது. தீயணைப்புக்காரர் பத்துக்குச் சற்று முன் வந்து அவனைத் தூக்கி வந்தார்கள்.

நீர் கேட்ட கணக்கு இதுதான். இருபத்தைந்து நிமிடத்துக்குக் கிட்ட அவன் உயிரோடு இருந்தான். என்னோடு கதைத்தான். நான் வாறன் என்றேன்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். வாசலிலிருந்து உப்பு அறைக் கதவுக்குப் பதினெட்டுக் கவடு தூரம். காவலுக்குப் போகிற நாட்களில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்து பார்க்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு போனால் கொம்பிறசரில் முட்டுகிறேன். கண்ணைத் திறந்துகொண்டு போய், எழுபது கிலோ உப்பு மூட்டையைத் தோளில் தூக்கித் திரும்பி வர எத்தனையோ நாள் முயன்றேன். ஒவ்வொரு முறையும் பாதியில் மூச்சு விட்டுவிடுவேன். போன செவ்வாய் மட்டும் வாசல் வரை வந்துவிட்டேன். காஸ் இல்லை, வெளிச்சம் இருந்தது, மூட்டை துடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

எல்லாம் எழுதிவிட்டேன். இனி நீர் சொல்வதைக் கேட்பேன்.

ஜோர்ஜ்


ஊர்காவற்றுறை
16.06.2024

அன்பின் சுகந்திக்கு,

ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது. கடிதம் கிடைத்ததா என்று சின்னம்மாவிடம் கேட்டேன். கிடைத்தது, வாசித்தாள், மூன்று நாள் மெஷினில் இருக்கவில்லை, இப்போது தைக்கிறாள் என்று சொன்னார்.

மறுமொழி எழுதத்தான் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அந்தோனியார் திருவிழா முடிந்தது. நேற்றுக் கிளின்ரனின் கல்லறைக்குப் போய்ப் புல்லுப் பிடுங்கினேன். சோளகக் காற்றுத் தொடங்கிவிட்டதால் கடற்கரைப் பக்கம் மண் அள்ளி எறிகிறது. படகும் சில நாட்களில் ஓடவில்லை. அந்த நாட்களில் எனக்கு ஒரு விதத்தில் ஆறுதல். நீர் எழுதியிருப்பீர், படகு ஓடாததால்தான் வரவில்லை என்று நினைத்துக்கொள்ளலாம். மற்ற நாட்கள்தான் கடினம்.

காலையில் எழும்பியவுடன் குசினியில் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுக்கிறேன். பழக்கம் விடவில்லை. இரண்டு பேருக்குத்தான் இன்னும் சோறு வடிக்கிறேன். பாதியைக் கோழிகள் சாப்பிட்டுக் கொழுத்துவிட்டன.

ஒரு வரி எழுதினாலும் போதும். இனி எழுத வேண்டாம் என்று எழுதினாலும் அது உமது எழுத்துத்தானே.

உம்முடைய,
ஜோர்ஜ்


நெடுந்தீவு
08.07.2024

இஞ்சாருங்கோ,

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். நான் மறுமொழி எழுதாமல் விட்டது நீங்கள் எழுதியதற்காக அல்ல. நான் எழுத வேண்டியது ஒன்று இருந்தது. அதை எழுதப் பேனையைப் பிடிக்க இத்தனை நாள் ஆயிற்று.

கிளின்ரன் எனக்கும் போன் எடுத்தவன். அன்றைக்கு, ஒன்பது பத்தொன்பதுக்கு. நான் நிமலினி அக்காவின் மகளுடைய சட்டைத் துணியை வெட்டிக்கொண்டு நின்றேன். ஐம்பது விநாடி. அந்த அழைப்பின் நேரம் போனில் இன்னும் இருக்கிறது. அதனால்தான் நிறுத்திப் பெட்டிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

"அக்கா, பயப்பிடாதை. கொஞ்சம் காஸ் கசிஞ்சிட்டுது. உப்பு அறைக்குள்ள நிக்கிறன். அத்தான் வாறன் எண்டவர்."

இவ்வளவுதான் சொன்னான், இருமி இருமி. நான், "ஓம் ராசா, அத்தான் வருவார்" என்றேன்.

அதைச் சொன்னது என் வாய். என் மனது அதே நேரம் வேறொன்றைக் கேட்டது. ஆண்டவரே, அவரை உள்ளே போக விடாதேயும் என்று கேட்டது. அவன் எட்டு வயதில் தாயைப் பறிகொடுத்து நின்றபோது தலை வாரிவிட்டவள் நான். தாய்க்குத் தாயாக இருந்தேன் என்று ஊரே சொல்லும். அவன் இருமிக்கொண்டு இருந்தபோது அவனுக்காக நான் முதலில் மன்றாடவில்லை. உங்களுக்காகத்தான் மன்றாடினேன்.

போன் நின்ற பிறகு நான் அவனுக்குத் திருப்பி எடுக்கவில்லை. உங்களுக்கும் எடுக்கவில்லை. எடுத்தால், உள்ளே போங்கோ என்று சொல்ல வேண்டும். அல்லது போகாதேங்கோ என்று சொல்ல வேண்டும். இரண்டையும் என்னால் சொல்ல ஏலாமல் இருந்தது. கத்தரிக்கோலோடு அப்படியே நின்றேன். பக்கத்து வீட்டு மீனலோசனி ஓடி வந்து தொழிற்சாலையில் காஸ் என்று சத்தம் போட்டபோது நான் முதலில் கேட்டது, "அவர் எங்கை?" என்றுதான். வெளியே நிற்கிறார் என்றாள். என் கால் இரண்டும் மடிந்துவிட்டன. நிம்மதியில் மடிந்தன. நிலத்தில் இருந்துகொண்டுதான் தம்பியைப் பற்றிக் கேட்டேன்.

பின்னேரம் நீங்கள் வந்து என் முன்னால் முழங்காலில் நின்று, உடனே விழுந்துவிட்டான், ஒன்றும் அறியவில்லை என்றீர்கள். பொய் என்று எனக்குத் தெரியும். என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொல்கிறீர்கள் என்பதும் தெரியும். அதற்குப் பிறகு நீங்கள் வாசலால் வரும்போதும் கதிரையில் இருந்து சாப்பிடும்போதும் உங்களைப் பார்க்க ஏலவில்லை. நான் கேட்டது கிடைத்துவிட்டது என்றுதான் ஒவ்வொரு முறையும் தெரிந்தது. முப்பத்தோராம் நாள் பூசை முடிய ஓடி வந்துவிட்டேன்.

உங்கள்மேல் எனக்கு ஒரு நாளும் கோபம் இருக்கவில்லை. கோபம் என்று நீங்கள் நினைத்ததை அப்படியே விட்டேன். சனம் உங்களைப் பயந்தாங்கொள்ளி என்று கதைத்தபோதும் விட்டேன். அவர் நிற்க வேண்டும் என்று கேட்டவள் நான்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. அதுதான் நான் உங்களுக்குச் செய்த பிழை. மற்றது தம்பிக்குச் செய்த பிழை.

அந்த உப்பு மூட்டை வேலையை நிறுத்துங்கள். கெஞ்சிக் கேட்கிறேன். உங்களுக்கு ஐம்பது வயதாகப் போகிறது, மூச்சுப் பிடித்துக்கொள்ளும்.

இங்கே காற்றுக்கு இரைச்சல் அதிகம். சில நேரம் அதற்குள் உங்கள் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்பது போல் இருக்கும். கடல் தாண்டி எப்படிக் கேட்கும் என்று என்னையே பேசிக்கொண்டு எழும்பிப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருவேன். சின்னம்மா சிரிப்பார்.

நான் யார் என்று இப்போது உங்களுக்குத் தெரியும். பார்க்க வேண்டும் என்று இன்னும் தோன்றினால் வாருங்கள். தோன்றாவிட்டாலும் எனக்கு விளங்கும்.

உங்கள்,
சுகந்தி


குறிகாட்டுவான் இறங்குதுறை
13.07.2024, சனிக்கிழமை

அன்பின் சுகந்திக்கு,

உமது கடிதம் நேற்று மத்தியானம் கிடைத்தது. தபால்காரர் போகும்வரை பொறுக்காமல் தெருவில் நின்றே வாசித்தேன். இன்று காலை ஆறு மணிக்கு இங்கே வந்துவிட்டேன். காற்றுப் பலமாக இருக்கிறதாம், படகு எடுக்கவில்லை. மத்தியானம் பார்க்கலாம் என்கிறார்கள், நாளைக்கு என்கிறார்கள். அரிசிப் பையோடும் ஒரு மறி ஆட்டோடும் பத்துப் பன்னிரண்டு பேர் காத்துக்கொண்டு இருக்கிறோம். தேநீர்க் கடையில் கொப்பி ஒன்று வாங்கி எழுதுகிறேன். கொண்டு வந்து தரப் போவதும் நான்தான். நேரில் கண்டால் எனக்கு வாய் வராது, அதனால் எழுதியே தருகிறேன்.

நீர் கேட்டதால் நான் நிற்கவில்லை, சுகந்தி. நீர் மன்றாடியது எனக்குக் கேட்கவில்லை. நான் கதவுக்கு முன்னால் நின்று, போனால் என்ன, போகாவிட்டால் என்ன என்று என் புத்தியால் நினைத்துத்தான் நின்றேன். அது என்னுடையது. அதில் ஒரு துண்டையும் நீர் எடுக்க வேண்டாம். எடுக்க விடவும் மாட்டேன். அவனுக்கு நாங்கள் இருவரும் ஒரே பொய்யைத்தான் சொன்னோம். கல்லறைக்கு ஒரு நாள் சேர்ந்து போவோம். நான் சொன்னதை நான் சொல்கிறேன், நீர் சொன்னதை நீர் சொல்லும். அவன் கேட்டால் கேட்கட்டும்.

இப்போது நான் எழுதப் போவதைப் பாவம் என்று சுவாமியார் சொல்லக்கூடும்.

இந்த ஐந்து மாதமும் நிறையப் பேர் என்னோடு கதைத்தார்கள். நான் செய்தது சரி என்றார்கள், பிழை என்றார்கள். சுஜிதனின் தாய் என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றினார், தன் பிள்ளை உயிரோடு இருப்பதற்காக. கருவாடு போடுகிற பெண்கள் மெழுகுதிரி கொளுத்தினார்கள், தாங்கள் உயிரோடு இருப்பதற்காக. நான் உயிரோடு இருக்கிறேன் என்று ஒருவரும் சந்தோசப்பட்டு நான் காணவில்லை. எனக்கே அந்தச் சந்தோசம் இருக்கவில்லை. காலையில் எழும்பி முகம் கழுவும்போது, இன்றைக்கும் இருக்கிறேனே என்று வெட்கமாகத்தான் இருக்கும்.

நேற்றுத் தெருவில் நின்று, வெளியே நிற்கிறார் என்று கேட்டவுடன் உமது கால் மடிந்துவிட்டது என்று வாசித்தேன். அந்த வரியைத் தாண்டி வாசிக்க எனக்குக் கன நேரம் பிடித்தது. கிளின்ரன் அங்கே மண்ணுக்குள் கிடக்கிறான், நான் தெருவில் நின்று சந்தோசப்படுகிறேன். ஐந்து மாதத்துக்குப் பிறகு மூச்சு அடிவயிறு வரை போய் வந்தது. அதைத்தான் உமக்குச் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. மற்றது எல்லாம் பிறகு கதைக்கலாம்.

ஒரு கிழமை லீவு கேட்டிருக்கிறேன். தராவிட்டாலும் பரவாயில்லை. கோழிகளை மீனலோசனி பார்த்துக்கொள்வாள். சின்னம்மாவின் முழங்காலுக்கு எண்ணெய் வாங்கியிருக்கிறேன். பாணும் வாங்கினேன், அது இங்கேயே காய்ந்துகொண்டு போகிறது.

உம்மைக் கூட்டிக்கொண்டு போக என்று நான் வரவில்லை. மெஷின் அங்கேயே இருக்கட்டும், நீரும் இருக்க விரும்பும் மட்டும் இரும். நீர் தைத்துக்கொண்டு இருக்கிற இடத்தில் ஒரு பக்கமாக நானும் கொஞ்ச நாள் இருக்கிறேன்.

உம்முடைய,
ஜோர்ஜ்